சலவைக்கூடத்தில் ஒரு ஜெபம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. ‘கர்த்தருக்குள் பிரியமான’ என்று தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். நாலு மாதமாக ஜெபமே பண்ணாமல் கிடந்தவளுக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. அங்கே அத்தானும் பிள்ளைகளும் சுகம்தானே?

இவர் அப்படியேதான் இருக்கிறார். பக்கவாதம் வந்ததிலிருந்து வாயில் மிச்சம் இருப்பது ‘வேண்டாம்’ என்ற ஒரே சொல். டீயைக் கொடுத்தாலும் வேண்டாம், திருப்பி எடுத்தாலும் வேண்டாம். எது நிஜ வேண்டாம் என்று நான்தான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவேண்டும். தப்பாகிப்போனால் டம்ளர் பறக்கும். கோயில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்ற மனுஷன், அக்கா.

பகலெல்லாம் ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைக்கிறேன், வீட்டுக்கு வந்து இவர் விரிப்பைத் துவைக்கிறேன். போன மாதம் போதகர் வந்தார். “எல்லாத்துக்கும் ஆண்டவர் ஒரு நோக்கம் வெச்சிருப்பாரும்மா” என்றார். “நோக்கம் இருக்கட்டும் ஐயா, ஒரு மணி நேரம் இவர்கிட்ட உக்காருங்க, நான் தூங்கிக்கிறேன்” என்று சொல்லிவிட்டேன். பாவம், நிஜமாகவே உட்கார்ந்தார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

எங்கள் மேற்பார்வையாளரைப் பற்றி எழுதியிருக்கிறேனே, எந்நேரமும் பொரிவதால் ‘கடுகு’ என்று பேர் வைத்தோமே, அவள்தான். போன செவ்வாய்க்கிழமை ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மாடியில் அவள் மகளுக்குப் பிரசவம், ரத்தம் நிற்கவில்லையாம். “நீ கோயிலுக்குப் போறவதானே, ஏதாவது சொல்லுடி” என்றாள். முந்தின வாரம்தான் எனக்கு லீவு இல்லை என்று விரட்டியவள். உதறிவிட்டுப் போகலாம் போல இருந்தது. அவள் பிடியை விடவில்லை.

கை நிறைய சோப்பு, மெஷின் இரைச்சல். மனப்பாடமாக இருந்த ஜெபம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. “ஆண்டவரே, உம்மேல எனக்கு அடங்காத கோபம். அது நமக்குள்ள இருக்கட்டும். இவ பிள்ளையைக் கைவிட்டுடாதேயும்” என்று கத்தினேன். ஆமென் சொல்லத் தெரியாமல் கடுகு “சரி, சரி” என்றாள்.

மகள் பிழைத்துவிட்டாள். குழந்தை பிழைக்கவில்லை.

திரும்பவும் கோபம்தான். அன்றைக்கு வீடுவரை நடந்துகொண்டே ஆண்டவரிடம் சண்டை போட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. சுவரிடம் கத்தியது போல இல்லை, அக்கா. தலை குனிந்து கேட்டுக்கொண்டிருக்கிற ஒருவரிடம் கத்தியது போல இருந்தது. அதற்குப்பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. நிம்மதி வந்துவிட்டது என்று எழுதமாட்டேன். பஸ்ஸில்கூட ஓர் இடத்தில் உட்காரமுடியாமல் எழுந்து நிற்கிறேன். தனியாக நிற்கவில்லை, அவ்வளவுதான்.

கடுகு பழையபடி பொரிகிறாள். ஆனால் விரிப்பு மடிக்கும்போது மறுமுனையைத் தானே வந்து பிடிக்கிறாள். “இன்னிக்கும் அவர்கிட்ட சண்டை போட்டியா?” என்று கேட்கிறாள். “எனக்கும் சேர்த்துப் போடு” என்கிறாள்.

நேற்று இவரைப் பார்க்கும் டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அதை எழுத வரவில்லை. நீ ஒவ்வொரு கடிதத்திலும் ‘உனக்காக ஜெபிக்கிறேன்’ என்று எழுதுகிறாய். ஜெபி, அக்கா. முடித்து எழுந்ததும் டிக்கெட் கிடைக்குமா என்றும் பார். பத்து நாள் வந்து கூட இருந்தால் போதும்.

நீ புறப்படும் நாளையும் வந்து சேரும் நாளையும் ஆண்டவர் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் தங்கை