வாசகசாலைக்கு உதவி கிடைத்தது

நவம்பர் 4, செவ்வாய்

விடிஞ்சும் மூடுபனி. சிப்காட் பக்கம் ஒண்ணுமே தெரியல, கம்பெனி பஸ் ஹாரன் மட்டும். வாசகசாலை மாடியைப் பெருக்கி, மேசை துடைச்சு, பேப்பர் அடுக்கி முடிக்க பத்தரை.

இன்னிக்கு கம்பெனிக்காரங்க பார்வையிட வர்ற நாள். சின்ன நூலகங்களுக்கு அவங்க ஒரு உதவித்தொகை வெச்சிருக்காங்க. கிடைச்சா மூக்கண்டப்பள்ளி மாடி இன்னும் கொஞ்ச வருஷம் நம்ம கையில. இல்லேன்னா பொங்கல் கழிச்சு ரூம் ரூமா தடுத்து பேச்சிலர் பசங்களுக்கு விடப்போறாராம் வீட்டுக்காரர். கன்னடத்துல ஒரு தடவை, தமிழ்ல ஒரு தடவை சொல்லிட்டார். புரியலேன்னு சொல்லிடக் கூடாதாம்.

பதினொண்ணுக்கு வந்தாங்க. பெங்களூர்ல இருந்து ஒரு மேடம், போட்டோ எடுக்க ஒருத்தர். மாடியில நான் மட்டும்.

"யாருமே வரமாட்டாங்களா?"

"எல்லாம் கம்பெனி ஹாஸ்டல் பொண்ணுங்க மேடம். இப்ப கம்பெனியில லைன்ல நிப்பாங்க. ஷிப்ட் முடிஞ்சு ஆறு மணிக்கு மேல பாருங்க, உட்கார இடம் இருக்காது."

ஆறு மணி வரை இருக்க முடியாதாம். திரும்பற வழியில அத்திப்பள்ளி டிராபிக். போட்டோக்காரர் காலி நாற்காலியையே சுத்திச் சுத்தி எடுத்தார். வெள்ளிக்கிழமை காலையில இன்னொரு தடவை வர்றாங்க. அதுதான் கடைசி.

நவம்பர் 5, புதன்

வாசகசாலையை நடத்தற டிரஸ்டோட செயலாளர் சாருக்கு போன். ரிட்டயர்டு வாத்தியார், எதுக்கும் அசரமாட்டார். "தெரிஞ்ச ஸ்கூல் ஒண்ணு இருக்கு. புள்ளைங்கள கூட்டிட்டு வந்து உட்கார வெச்சிடலாம்மா."

சாயங்காலம் கலைச்செல்வி கேட்டா, "ஏங்க்கா முகம் ஒரு மாதிரி இருக்கு?" கள்ளக்குறிச்சி பக்கத்துப் பொண்ணு. குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்கிறா. ஹாஸ்டல் ரூம்ல எட்டுப் பேர், எந்நேரமும் யாராவது ஒருத்தி தூங்கிட்டு இருப்பா, லைட் போட முடியாது. அதனால இங்க. ஜன்னலோர மேசை அவளோடது, யாரும் உட்காரமாட்டாங்க.

விஷயத்தைச் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டு வரட்டுமாக்கா? நான், மாலதி, இன்னும் நாலஞ்சு பேர் வருவோம்."

"வேணாம்மா. லீவு போட்டா சூப்பர்வைசர் பேச்சு கேக்கணும். சார் ஏற்பாடு பண்ணிட்டார்."

வாங்கணும்: பினாயில், குண்டு பல்பு 2, பிஸ்கட் (புள்ளைங்களுக்கு), மாமியார் மாத்திரை.

நவம்பர் 7, வெள்ளி

யூனிபார்ம் போட்ட புள்ளைங்க மாடி முழுக்க. மேசை பத்தல, தரையில பாய். ரெட்டைப் பின்னல் போட்ட ஒண்ணு என் புடவையைப் பிடிச்சு, "மிஸ், இது என்ன இடம்?"

மேடம் செருப்பைக் கழட்டிட்டு அதுங்க நடுவுல உட்கார்ந்து கதை சொன்னாங்க. பாதி கன்னடம், பாதி இங்கிலீஷ். தெலுங்குக்காரப் புள்ளை ஒண்ணு நடுவுல குறுக்கிட, எல்லாரும் ஒரே சிரிப்பு. எனக்கும் பார்க்க அழகாத்தான் இருந்தது.

கீழே இறங்கும்போது சார்: "பொய் ஒண்ணும் இல்லியே. புள்ளைங்க படிச்சாங்கதானே?"

நவம்பர் 19, புதன்

கிடைச்சிடுச்சு!! மாடி வீட்டுக்காரர்கிட்ட முதல்ல சொன்னேன். கேசரி கிண்டி எடுத்துட்டுப் போனேன். மாலதி ரெண்டு தடவை வாங்கித் தின்னா. கலை சிரிச்சா, அவ சிரிச்சு நான் அதிகம் பார்த்ததில்ல. "அப்ப பரீட்சை வரைக்கும் கவலை இல்லக்கா."

நவம்பர் 21, வெள்ளி

சார் கம்பெனி அனுப்பின விதிமுறைகளைப் படிச்சுக் காட்டினார். இனிமே இது சிறுவர் வாசிப்பு மையம். பள்ளி விட்டதும் திறந்து ஆறு மணிக்குப் பூட்டணும். புள்ளைங்க புழங்கற இடம், பாதுகாப்பு முக்கியம், அதனால பெரியவங்க எந்த நேரத்துலயும் உள்ள வந்து படிக்கக் கூடாது. கேமரா வேற மாட்டுவாங்க.

மேடத்துக்கு போன் போட்டேன். ஆறு மணிக்கு மேல பொண்ணுங்களுக்கு மட்டும் திறந்து வெச்சுக்கறேன்னு கெஞ்சினேன். மேடம் கோபமா எல்லாம் பேசல.

"அன்னைக்கு நீங்க காட்டினது குழந்தைங்களைத்தானே? அதை வெச்சுத்தான் மேல ஒப்புதல் வாங்கியிருக்கேன்."

சரிங்க மேடம்னு போனை வெச்சேன்.

சார்: "முதல்ல இடம் நிக்கட்டும். அடுத்த வருஷம் பேசிப் பார்க்கலாம்." அடுத்த வருஷம் கலைக்குப் பரீட்சை முடிஞ்சிருக்கும்.



நவம்பர் 28, வெள்ளி

நாளெல்லாம் தூறல். பொண்ணுங்ககிட்ட இன்னைக்குச் சொல்லிட்டேன். தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு, கடைசியில நின்னபடியே சொன்னேன்.

மாலதி வெடிச்சா. "நாங்க வர்றோம்னுதானே சொன்னோம்? நீங்கதானே வேணாம்னீங்க. எங்க லீவு, எங்க பாடு. உங்களுக்கு என்ன?"

கலை புக்கெல்லாம் பையில எடுத்து வெச்சா, மேசையைத் தன் துப்பட்டாவால துடைச்சா. படியிறங்கறப்ப மட்டும், "வர்றேங்க்கா."

எங்க வீட்டுக்குக் கூப்பிடலாம்னா உத்தனப்பள்ளி அவளுக்கு ரொம்பத் தூரம். இருக்கறதும் ஒரே ரூம். ஒரு பக்கம் டிவி, ஒரு பக்கம் மாமியார் படுக்கை. ஹாஸ்டல் வார்டன் அம்மாவைப் பார்த்து, சாப்பாட்டு ஹால்லயாவது லைட் போட விடுங்கன்னு கேட்டேன். "ஒருத்திக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க."

டிசம்பர் 8, திங்கள்

திறப்பு விழா. பலூன், ரிப்பன், சுவர்ல யானை படம். பெரிய மேசையெல்லாம் கீழே வண்டி ஷெட்ல, மேல துணி போட்டு மூடியிருக்கு. புது நாற்காலிங்க என் முழங்கால் உயரம். வீட்டுக்காரர் "சென்னாகிதே, சென்னாகிதே, நல்லா இருக்கு"ன்னு எல்லாரோடயும் போட்டோ எடுத்துக்கிட்டார்.

நல்லாத்தான் இருக்கு. இல்லேன்னு சொல்ல முடியாது.

டிசம்பர் 11, வியாழன்

மழை. ஒரு புள்ளை கூட வரல. சும்மா உட்கார்ந்திருந்து ஆறு மணிக்குப் பூட்டினேன். கேமராவுல பச்சை விளக்கு எரிஞ்சுகிட்டே இருந்தது.

ஓசூர் பஸ் ஸ்டாண்ட்ல ஒரே கூட்டம். உத்தனப்பள்ளி போக ராயக்கோட்டை பஸ்ஸுக்கு நின்னேன். ஜூஸ் கடை டியூப்லைட்டுக்குக் கீழே, சிமெண்ட் பெஞ்சுல கலைச்செல்வி. கம்பெனி சட்டையோட. மடியில புக், ரெண்டு காதையும் விரலால அடைச்சுகிட்டு, உதடு மட்டும் அசையுது. கண்டக்டர்கள் "பெங்களூர், பெங்களூர்"னு கத்தறாங்க. ஒரு ஆள் ஒட்டி வந்து உட்கார்ந்தான். புக்கை மூடாமலே எழுந்து பெஞ்சோட அந்தக் கோடிக்குப் போனா. சாரல் அடிக்கிற பக்கம்.

அவகிட்ட போகாமயே இருந்திருக்கலாம். போயிட்டேன்.

"கலை."

நிமிர்ந்தா. "பூட்டிட்டீங்களாக்கா?"

"ம்."

"புள்ளைங்க நிறைய வருதுங்களா?"

"நிறைய வருதும்மா."

"நல்லதுக்கா"ன்னா. நிஜமாவே சொன்னா.

என் பஸ் வந்துடுச்சு. ஏறிட்டேன்.