ஆட்டுக்கல் சத்தம் நின்றபோது

இன்று மத்தியானம் டிவியில் நாம் பார்த்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டார்கள். வெளியே மூன்று நாளாக மழை. ஆட்டுக்கல் காட்சி வருமுன்பே டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டேன்.

தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் நமக்கு அடுத்தடுத்த காம்பரா, நடுவில் ஒரே சுவர். உனக்குப் படம் உயிர், எனக்குச் சாமி. "சாமியாரம்மா, பூசை முடிஞ்சுச்சா? கதாநாயகன் சாகப்போறான், வெரசா வாங்க" என்று சுவரைத் தட்டுவாய்.

அந்தக் காட்சியில் கொலையைக் காட்டமாட்டார்கள். மூடிய கதவு மட்டும் தெரியும். உள்ளே ஒரு பெண் மாவாட்டும் சத்தம். சட்டென்று அது நிற்கும். அவ்வளவுதான். நான் முருகா முருகா என்பேன், நீ என் தொடையைக் கிள்ளுவாய். "ரத்தத்த காட்டுறவனுக்குப் பயப்படாத புள்ள. சத்தத்த நிறுத்துறான் பாரு, அவனுக்குப் பயப்படு." அதன்பிறகு என் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில், எந்தப் படத்தில் எங்கே சத்தம் நிற்கிறது என்று எழுதிவைக்கத் தொடங்கினேன்.

அன்றும் இப்படித்தான் மழை. பாதிப் படத்தில் எழுந்து டிவியை அணைத்தாய். மலை ஊற்று குழாய்வழி கொட்டும் பீலி லயத்துக்குப் பின்னால் இருந்தது, ராப்பகல் ஓயாதது.

"பீலி கேக்குதா?"

"இந்த மழையில என்னாத்த கேக்கும்?"

"மழை பெய்யுது, பீலி நின்னுருச்சு. ஆட்டுக்கல் நின்னுருச்சுடி. புள்ளையத் தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடு!"

கதவு கதவாகத் தட்டி லயத்தையே வெளியேற்றினாய். ரோட்டில் நின்றுதான் நான் அதைச் சொன்னேன். "ஐயோ, சாமி படம் ஆணியிலயே இருக்கே." சொல்லி அழவும் செய்தேன்.

"ஒன் சாமிக்கு நடக்கத் தெரியாதாக்கும்" என்று சிரித்துக்கொண்டே திரும்பி ஓடினாய். மலை இறங்கியது. அந்த மண் உன்னையும் தரவில்லை, படத்தையும் தரவில்லை.

நான் சாமியை விடவில்லை. பசறைப் பக்கத்து இந்தப் புது வீட்டிலும் ஒரு படம் மாட்டியிருக்கிறேன். கும்பிடும்போது முதலில் உன்னிடம்தான் மன்னிப்புக் கேட்கிறேன். மழை நாளில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, கீழேயுள்ள பீலியில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இதை எழுதத் தொடங்கியபோது அது கேட்டது. இப்போது மழை மட்டும் கேட்கிறது.

மகளைக் கூப்பிட்டுவிட்டேன். "அம்மா, சாமி படம்?" என்கிறாள், செருப்பை மாட்டிக்கொண்டே.

ஆணியிலேயே இருக்கட்டும். பக்கத்து வீட்டுக் கதவிலிருந்து தட்டத் தொடங்கவேண்டும்.