ஈரத்துக்கு இரண்டு ராத்தல்

9 பிப்ரவரி 1953
வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: பிரிஞ்சாங்கில் ஊரைக் கூட்டி விமானத்தைப் பற்றிப் பேசும் நான், தேயிலை எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி, அதன் அடிவயிற்றைத் தவிர எதையும் பார்த்ததில்லை. அதுவும் காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளைச் சரணடையச் சொல்லி நோட்டீஸ் போட வருவது.

இன்றும் ஹாஜா மைதீன் கடையில் முழங்கினேன். "பிளேன் கம்பெனிக்கு லைசென்ஸ், நேரம், கட்டணம் எல்லாம் கவர்மெண்ட்தான் வைக்கணும். மூணு பேர் வந்தாலும் புறப்படணும். ஜனங்களுக்குத்தான் விமானம், பாய்."

"காசு போட்டவன் இஷ்டத்துக்கு ஓட்டட்டுமேலா. என் டாக்சி ஓடலையா?"

ஓடுகிறது. ஊரடங்கு நெருங்க நெருங்கக் கட்டணமும் ஓடுகிறது.

11 பிப்ரவரி
பினாங்கிலிருந்து தந்தி. மகள் மேவிஸுக்குப் பிரசவச் சிக்கல், ஆபரேஷன். மாப்பிள்ளை கப்பலில். ஆஸ்பத்திரியில் தெரசம்மாள் தனியாக - ரத்தம் கண்டால் மயங்குகிற என் மனைவி. எஸ்டேட் ஆபீஸ் போனில் நாளைய ஈப்போ விமானத்தில் இடம் பதிந்தேன். கடைசி இடமாம். பிள்ளை பிழைச்சுக்குவாளா?

12 பிப்ரவரி
விடியலில், சொல்லிவைத்திருந்த பாய் டாக்சிக்குப் போனால், என் இடத்தில் கோலா தெர்லா ஊர்க் காய்கறி முதலாளி.

"ரெட்டிப்பா குடுத்தாரு, கிராணி. நாளைக்குப் போலாம்லா."

படுபாவி. முட்டைக்கோஸ் லாரியில் ஏறினேன். ராணுவக் காவலோடு வரிசையாகப் போவதால் டாக்சிக்கும் லாரிக்கும் ஒரே வேகம். முதலாளியின் பிடரியைப் பார்த்தபடியே மலை இறங்கினேன்.

ஈப்போவிலும் அவர்தான் எனக்கு முன்னால், ரெட்டிப்புக் காசை நீட்டிக்கொண்டு. டிக்கெட் மேசையில் யாழ்ப்பாணத்துப் பையன்.

"பேர் பதிஞ்சவருக்குத்தான் சீட். கூடக் காசு வாங்கினா எங்கட லைசென்ஸ் போயிடும்."

அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. என் மேல் கோஸ் நாற்றம், விட்டுவிட்டேன்.

பிறகு ஆட்களையே தராசில் ஏற்றினார்கள். இருபது வருஷமாகத் தேயிலைக் கொழுந்து நிறுத்து, கூடைக்குக் கூடை ஈரம் கழிக்கிற வாய் அல்லவா? "ஈரத்துக்கு ரெண்டு ராத்தல் கழிச்சுக்குங்க" என்றுவிட்டேன்.

"நீங்கள் நனையேல்லையே, ஐயா?"

"வழக்கம்."

"பொய் நிறை எழுதினா பிளேன் விழுந்திடும்."

13 பிப்ரவரி
பேத்தி. மேவிஸ் கண் திறந்துவிட்டாள். தெரசம்மாள் முதலில் கேட்டது: "ஏங்க, வழியில சந்தைக்கா போனீங்க?"

23 பிப்ரவரி
எஸ்டேட் திரும்பினேன். ஹாஜா மைதீன் கடையில் வெற்றி உரை: விதி, லைசென்ஸ், உள்ளது உள்ளபடி நிறுக்கும் தராசு.

சாயங்காலம் கொழுந்து நிறுவை. கூடையை இறக்கியபடி, கொழுந்து பறிக்கும் அம்மாக்கண்ணு கேட்டாள்: "கிராணி ஐயா, பிளேன்ல உங்களுக்கும் ஈரம் கழிச்சாங்களா?"

"இல்லை."

கூடையைத் தராசில் ஏற்றினாள்.

இன்று நல்ல வெயில். அவள் கணக்கில் ஈரத்துக்கு இரண்டு ராத்தல் கழித்தேன்.