மஞ்சள் கரு காயும்வரை

ராத்தா,

இன்று காலை தம்பி சாப்பிட்டுப் போட்ட பீங்கானில் முட்டையின் மஞ்சள் கரு காய்ந்து ஒட்டிக் கிடந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. "நேத்தே நனைச்சுப் போட்டிரிக்கணும் புள்ள" என்றார் உம்மா. எனக்கு உங்கள் மூத்த சகோதரர் காக்காவின் ஈரத்துணி நினைவுக்கு வந்து, கை நின்றுவிட்டது.

பக்கத்து வளவில் நீங்கள் இருந்த காலமெல்லாம் எங்கள் வீட்டு முட்டைப் பொரியல் வெள்ளையாகவே இருந்தது. மஞ்சள் கரு உங்களுக்கு, மிச்சம் எங்களுக்கு. கருவை உள்ளங்கை மாற்றி உருட்டி ஈரம் போக்கி, அதன் தோலைக் கிள்ளித் தூக்கி, அடியில் ஊசியால் குத்துவீர்கள். வழிவதில் தண்ணீரும் வண்ணத் தூளும் குழைத்தால் சாயம் தயார். வாழ்நாள் முழுக்க வேறு சாயத்தை நீங்கள் தொடவில்லை. "இண்டைக்கு வட்டிலாப்பமா, படமா?" என்று முட்டைக் கடைக்காரர் சீண்டுவார். "வட்டிலாப்பம் நாளைக்கு ஊசிப்போயிரும். இது கிடக்கும்" என்பீர்கள்.

தோணி, கரைவலை, தறி எல்லாம் படமாகக் கீறிய நீங்கள் முகம் மட்டும் கீறியதில்லை. நான் பட்டம் பெற்று வந்த பிறகுதான், "இரி புள்ள, உன்னைக் கீறப்போறன்" என்றீர்கள். நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பலகையில் மெல்லிய கோடு கோடாக முகத்தை இழைத்து முடித்தீர்கள். அதன்பின் ஒரு மழைக்காலமே போனது. கண்ணின் வெள்ளைப் புள்ளியை மட்டும் வைக்கவில்லை.

"நிமிர்ந்து பாரு. அப்பதான் வெப்பன்."

நிமிர்ந்த அன்று வைத்தீர்கள். "இது நல்லா இறுகச் சுணங்கும், மாசக்கணக்காகும். அதுவரைக்கும் தண்ணி படப்படாது" என்றீர்கள். அடுத்த வாரம் நீங்கள் கண்மூடி மௌத்தாகிவிட்டீர்கள்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதுவதற்காக உங்கள் வீட்டை ஒதுக்கிக் கூட்ட நானும் உம்மாவும் வந்தோம். பலகையின் மூடுதுணியை விலக்கிய காக்கா அப்படியே நின்றார்.

"முகம் கீறியிரிக்காளே! உசிருள்ள முகம் கீறுறது பாவமாச்சே, கபுறுக் குழிக்குள்ள அவள்தானே பதில் சொல்லணும்?" அவர் குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது.

"எல்லார்ட ஊட்டிலயும் கலியாணப் போட்டோ தொங்குதே காக்கா" என்றார் உம்மா மெதுவாக.

"அது மெசின் எடுக்கிற. இது அவள்ட கை."

பழைய நீலச் சாரன் துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்தார். நான் கதவோரம் நின்றேன். கன்னத்தைத் துடைத்தார், துணியில் ஒன்றும் ஒட்டவில்லை. நெற்றியும் உதடும் அப்படியே இருந்தன. அழுத்தித் தேய்த்தார். "சொல்லுக் கேக்காதவள். இதுவும் கேக்குதில்ல" என்றபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு படத்தின் கண்களில் வைத்துத் துடைத்தார்.

நீலத் துணியில் இரண்டு வெள்ளைத் தீற்றல்கள். பலகையில் என் கண்கள் அணைந்திருந்தன. அவர் துணியை மறுபடி தண்ணீரில் முக்கப் போனார்.

"போதும் காக்கா."

சொன்னது நான்தான் என்று எனக்கே உறைக்கவில்லை. அவரை நேராகப் பார்த்தேன். "அது என்ட முகம். தாங்க."

என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏலுமானளவு துடைச்சன். அல்லாஹ்வுக்குத் தெரியும்" என்று பலகையைத் தந்தார். துணியையும் நானே வாங்கிக்கொண்டேன்.

பலகை என் அலுமாரிக்குள் இருக்கிறது. காக்காவுக்காக முகத்தை உட்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். துணியை இத்தனை மாதமாகக் கழுவவில்லை. இன்று பீங்கானை அப்படியே போட்டுவிட்டு வந்து, ஈர விரலால் துணியில் இருந்த அந்த வெள்ளையைத் தேய்த்துப் பார்த்தேன், ராத்தா.

போகவில்லை.