விறகுக் கொட்டகையில் காப்பி

செப்டம்பர் 9

காலை ஐந்தரைக்கு விழிப்பு. போக இடமில்லை.

முப்பத்தொரு வருடம் லாரி ஓட்டியவனுக்குப் பதிவேடு எழுதும் பழக்கம் சுலபத்தில் போகாது போலிருக்கிறது. புறப்பட்ட நேரம், நிறுத்திய நேரம், எல்லை தாண்டிய நேரம். ஜூன் மாதம் ஓய்வு பெற்றபோது எழுதாத நோட்டு ஒன்று மிச்சம் இருந்தது. அதில்தான் எழுதுகிறேன். இன்றைய பயணம்: படுக்கையிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து முற்றம், திரும்பவும் சமையலறை.

"இப்படிக் குறுக்கயும் நெடுக்கயும் நடந்தா தரை தேஞ்சுபோகும். எங்கயாவது உக்காரேன், மனுஷா" என்றாள் என் மனைவி ரூஜா.

உட்கார்ந்தேன். அது அவள் உட்காரும் நாற்காலியாம். எழுந்துவிட்டேன்.

செப்டம்பர் 11

தெரு முழுக்க மிளகாய் சுடும் வாசனை. எல்லார் வீட்டு முற்றத்திலும் தகர அடுப்பு வந்துவிட்டது. சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு, தோலுரித்து, அரைத்து, எண்ணெய் விட்டு மணிக்கணக்காகக் கிண்டி ஜாடியில் அடைத்தால் அய்வார். இந்த ஸ்ட்ரூமிட்சா ஊரிலேயே பிறந்தவன் நான், ஆனால் அய்வார் கிண்டுவதை ஒருமுறைகூட முழுதாகப் பார்த்ததில்லை. தக்காளியும் திராட்சையும் வடக்கே போகிற மாதம் இது. நான் ஊரில் இருந்ததே இல்லை. எனக்கு அய்வார் என்பது ரூஜா வண்டியில் வைத்துவிடும் ஜாடி. ஆஸ்திரியாவில் எங்கோ சாலையோரம் ரொட்டியில் தடவித் தின்றது.

மேலறையில் அலமாரிக்கு மேல் சீமை மாதுளம்பழங்களை வரிசையாக வைத்திருக்கிறாள். தின்பதற்கு இல்லையாம், வாசனைக்காம். கீழே தையல் நூல் உருண்டைகளை நிறம் பார்த்து அடுக்கியிருக்கிறாள். இதெல்லாம் எப்போதிருந்து? வருடா வருடம் இப்படித்தானா?

கேட்கவில்லை. கேட்டால், "உனக்கு இப்பத்தான் தெரியுதா" என்பாள்.

செப்டம்பர் 14

இன்று ஒரு உருப்படியான வேலை செய்தேன். நிலவறையை ஒழுங்குபடுத்தினேன். ஜாடிகள் உயரவாரியாக, ஊறுகாய் இடப்பக்கம், ஜாம் வலப்பக்கம். ஒரு சாக்கு நிறையத் துருப்பிடித்த மூடிகள் கிடந்தன. பழைய இரும்பு வாங்குகிறவன் தெருவில் கூவிக்கொண்டு போனான், தூக்கிப் போட்டுவிட்டேன்.

ரூஜா மார்க்கெட்டிலிருந்து வந்து இறங்கிப் பார்த்தாள். ஒரு ஜாடியைத் தொட்டுவிட்டு, "ஜாமை நான் எப்பவும் கைக்கு எட்டுற எடத்துல வெப்பேன்" என்றாள். அவ்வளவுதான்.

செப்டம்பர் 17

கோடரியை எடுக்க விறகுக் கொட்டகைக்குப் போனேன். விறகு அடுக்கின் மேல் ஒரு காப்பிக் கோப்பை. அடியில் வண்டல் இன்னும் ஈரமாக இருந்தது. பக்கத்தில் குறுக்கெழுத்துப் புத்தகம், பென்சில்.

யார் வந்து உட்கார்ந்திருப்பார்கள்? பக்கத்து வீட்டு தோனேயா? அவன் எதற்கு என் கொட்டகையில்?

செப்டம்பர் 18

தோனே இல்லை. ரூஜா.

பத்து மணிக்கு முற்றத்தில் துணி காயப்போடப் போவதாகச் சொல்லிப் போனாள். ஜன்னலில் நின்று பார்த்தேன். காப்பிக் கோப்பையை ஏப்ரனுக்குள் மறைத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். பின்பக்கமாகச் சுற்றிப் போய்ப் பலகை இடுக்கில் பார்த்தேன் — சொந்த மனைவியை! கவிழ்த்துப் போட்ட பழக்கூடை மேல் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் விறகின் மேல் நீட்டிப் போட்டிருந்தாள். ஒரு மடக்கு குடிப்பாள், கண்ணை மூடுவாள். பிறகு குறுக்கெழுத்தில் ஒரு கட்டத்தை நிரப்புவாள். வாய்க்குள் ஏதோ பாட்டு.

அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. நான் வந்திறங்கும் நாட்களில் எனக்குச் சந்தோஷமான முகம் ஒன்று காட்டுவாள். அது வேறு. இது யாருக்கும் காட்டாத முகம்.

வீடு முழுக்க இருக்கும்போது விறகுக் கொட்டகையில் ஏன்?

ஏனென்றால் வீட்டில் நான் இருக்கிறேன். வேறென்ன.

செப்டம்பர் 19

முதலாளி கோச்சோ போன் செய்தான். "கிலிகோர் அண்ணே, ஒரு டிரைவர் கால ஒடச்சுக்கிட்டான். நவம்பர் வரைக்கும் மூணு தடவ ஹாம்பர்க் போய்ட்டு வாங்களேன். லைசென்ஸ்தான் டிசம்பர் வரைக்கும் இருக்குல்ல?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருந்தது? அதற்குள் மனதில் பெல்கிரேடு தாண்டியிருந்தேன்.

செப்டம்பர் 21

அய்வார் நாள். இதை எழுதவே கை வரவில்லை.

அறுபது கிலோ மிளகாய். விடிகாலையிலிருந்து சுட்டோம். நான் ஒரு யோசனை சொன்னேன்: நீ தோலுரி, நான் விதை எடுக்கிறேன், பத்து நிமிடத்துக்கு ஒரு தட்டு, இப்படிப் போனால் இரண்டு மணிக்கு முடிந்துவிடும். ரூஜா சிரித்தாள். "இது என்ன சுங்கச் சாவடியா? முடியறப்ப முடியும்." சுட்ட மிளகாயின் தோலை விரல் நுனியால் உரித்துக்கொண்டு, தோனேயின் தங்கை குடும்பத்துக் கதையை மதில் வழியாகக் கேட்டுக்கொண்டு, நிதானமாக இருந்தாள். எனக்குக் கால் நமநமவென்று இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

மாலை நான்கு மணிக்குப் பெரிய சட்டியில் கூழ் செக்கச்செவேலென்று கொதித்து, கரண்டி போட்டால் தடம் தெரிகிற பதம் வந்தது. ஜாடிகளை அடுப்பில் சூடாக்கி வைத்தாள். "மூடி எடுத்துட்டு வா" என்றாள்.

எந்த மூடி?

"நெலவறைல சாக்குல இருக்குமே."

பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டதைச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்தாள். கடைகளுக்கு ஓடினேன். சீசன் நேரம், எங்கும் இல்லை. மூன்றாவது கடையில் கிடைத்தது அளவு சேரவில்லை. திரும்பி வந்தபோது தோனே பத்துப் பன்னிரண்டு மூடி கொண்டுவந்து கொடுத்திருந்தான். மிச்ச ஜாடிகளுக்குப் பிளாஸ்டிக் தாள் கட்டி நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அது கிறிஸ்துமஸ் வரைக்கும்கூடத் தாங்காது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"புது மூடி வாங்கியிருக்கலாம்ல" என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"எந்த ஜாடிக்கு எந்த மூடி சேரும்னு எனக்குத் தெரியும், கிலிகோர். கண்ண மூடிக்கிட்டு எடுப்பேன். முப்பத்தொரு வருஷம் இந்த வீட்ட நான் ஒத்த ஆளா ஓட்டியிருக்கேன். உன்ன யாரும் சரி பண்ணக் கேக்கல."

"நான் எங்கதான் இருக்கறது அப்ப? சொல்லு. எங்க நின்னாலும் உனக்கு எடைஞ்சல். கோச்சோ கூப்புடறான். ஹாம்பர்க். போயிடவா?"

போகாதே என்பாள் என்று நினைத்தேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"போ. போய்ட்டு வா."

கோபத்தில் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அவள் தோள் தளர்ந்தது. மூட்டையை இறக்கி வைத்தவள் மாதிரி. நான் பார்த்தேன்.

செப்டம்பர் 22

இருவரும் மரியாதையாக இருக்கிறோம். ரொட்டி தருகிறாள். நன்றி சொல்கிறேன்.

செப்டம்பர் 25

காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். தக்காளி, இருபது டன். ஒரு ஜாடி வைத்துவிட்டாள், சரியான மூடி போட்டது.

கியர் கைக்குள் வந்ததும் உயிர் வந்த மாதிரி இருந்தது. எல்லை தாண்டும்வரை பாடிக்கொண்டே போனேன்.

செப்டம்பர் 26

பெல்கிரேடு தாண்டி, செகெட் பக்கம் லாரி நிறுத்தம். மழை. கேபினில் என் படுக்கை, என் ஸ்டவ், கைக்கெட்டும் கொக்கியில் என் துண்டு. எது எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன்.

இதை எழுதிவிட்டு இந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதே வார்த்தையைத்தானே அவள் சொன்னாள்? எனக்கென்று ஒரு கூடு முப்பத்தொரு வருடம் இருந்தது. ஒருத்தரும் உள்ளே வந்து துண்டை இடம் மாற்றவில்லை.

தூக்கம் வரவில்லை. பசியும் இல்லை. இங்கே வந்தால் அடங்கும் என்றுதானே வந்தேன்? அடங்கவில்லையே.

செப்டம்பர் 29

ஹாம்பர்க்கில் சரக்கு இறக்கியாயிற்று. காலை பத்து மணிக்கு — நம்மூரிலும் அப்போது பத்துதான் — ரூஜாவுக்குப் போன் செய்தேன். வேண்டுமென்றே அந்த நேரம்.

"நல்லாருக்கேன். தோனே பூசணி குடுத்தான், பூசணிப் பணியாரம் சுட்டேன். நீ சாப்ட்டியா?" குரலில் உற்சாகம். பின்னால் வானொலி கேட்டது. கோப்பையைத் தட்டில் வைக்கும் சத்தமும் கேட்டது. கொட்டகையில் இல்லை. சமையலறையில் ஜன்னலோரம் இருக்கிறாள்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லிவிட்டேன். "கொட்டகைல குளிரும், ரூஜா. இனிமே காப்பிய உள்ளயே உக்காந்து குடி."

வானொலி நின்றது.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"பதினெட்டாந்தேதிலேருந்து."

"சொல்லவே இல்ல."

"நீயுந்தான் சொல்லல."

ரொம்ப மெதுவாகக் கேட்டாள்: "உன்மேல வெறுப்புன்னு நெனச்சியா? அப்டியில்ல. அந்த ஒரு மணி நேரம் பழகிப்போச்சு. பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போன நாள்லேருந்து. அதான் … சரி, உள்ளயே குடிக்கறேன். நீ வந்தப்புறம்?"

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 1

நானூறு கிலோமீட்டர் வந்தேன். வழியெல்லாம் அதே கேள்வி. நீ வந்தப்புறம்?

அக்டோபர் 3

வீடு. கோச்சோவிடம் சாவியைக் கொடுத்து, அடுத்த முறைக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன். "என்னண்ணே, பாதில விட்டா எப்படி?" என்று சலித்துக்கொண்டான். நியாயம்தான்.

ரூஜாவிடம் நிறுத்திவிட்டேன் என்றேன். "ஓ" என்றாள். சந்தோஷமா, கவலையா? இரண்டும் இருந்திருக்கும்.

அக்டோபர் 4

பத்து மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனேன். எங்கே என்று தெரியாது. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். பதினொன்றுக்குத் திரும்பினேன்.

அக்டோபர் 5

அதே.

அக்டோபர் 7

இன்று தோனே பிடித்துவிட்டான். எழுபது வயது, முட்டைக்கோஸ் விவசாயி, வாய் நிற்காது. வேனை நிறுத்தித் தலையை நீட்டினான்.

"யோவ், மூணு நாளா பாக்கறேன். பஸ்ஸும் ஏற மாட்டேங்கற, வீட்டுக்கும் போக மாட்டேங்கற. பொண்டாட்டி தொரத்திட்டாளா?"

"இல்லய்யா. காத்து வாங்கறேன்."

"பஸ் ஸ்டாப்புல என்னய்யா காத்து? புகைதான். ஏறு."

ஏறினேன். அவனுக்குக் கண் மங்கிவிட்டது, மார்க்கெட்டில் வேனைப் பின்னால் எடுக்கத் திணறுகிறான். இரண்டு கம்பத்தில் உரசியிருக்கிறான், மூன்றாவது ஒரு தேன் வியாபாரியின் மேசை. "நவம்பர் வரைக்கும் கோஸ் இருக்கு. தெனம் எட்டுலேருந்து பதினொண்ணு. ஓட்டுறியா?" என்றான். இருபது டன் ஓட்டியவனிடம் கேட்கிறான்!

ஓட்டுகிறேன் என்றேன். அவன் முடிப்பதற்குள்ளேயே.

அக்டோபர் 8

கிளம்பும்போது ரூஜா வாசலில் வந்து நின்றாள். "கோவிச்சுக்கிட்டா போற? தெனம் தொப்பிய மாட்டிட்டு எங்கயோ போற. நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?"

"கோவம் இல்ல. நீ போன்ல கேட்டல்ல, நான் வந்தப்புறம்னு. அதுக்கு இதான் பதில். பத்து மணி உன்னோடது. நான் தோனே கூட கோஸ் ஏத்தப் போறேன்."

என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

அக்டோபர் 12

வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. பத்தரைக்கே தெருமுனைக்கு வந்துவிட்டோம். வண்டியைத் திருப்பி ஊரை இரண்டு சுற்று சுற்றினேன். "பெட்ரோல் ஒங்கப்பன் வீட்டுதா?" என்று தோனே கத்தினான். காரணத்தைச் சொன்னேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப ஆத்துப் பக்கம் விடு" என்றான். அவன் மனைவி இறந்து ஆறு வருடம்.

அக்டோபர் 19

முதல் குளிர். விறகடுப்பு மூட்டினோம். மண்சட்டியில் பீன்ஸ் காலையிலிருந்து வெந்தது. ஜன்னல் கண்ணாடியில் ஆவி. மதியம் முழுக்க நான் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தேன், அவள் தைத்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. எழுந்துபோய் விறகு பிளந்தேன். மழையிலேயே. உள்ளே வந்தபோது அவள் திட்டவில்லை, துண்டை எடுத்துப் போட்டாள்.

பிளாஸ்டிக் கட்டிய ஜாடிகளில் நான்கு பூசணம் பிடித்துவிட்டன. கொட்டினேன்.

அக்டோபர் 26

காலையில் போர்வைகளையெல்லாம் கொடியில் போட்டுவிட்டு ரூஜா கேட்டாள்: "இன்னிக்குத்தான் மார்க்கெட் இல்லல்ல? தோனே வேன் சும்மாத்தானே நிக்குது? மலைக்குப் போலாமா? கஷ்கொட்டை விழுந்திருக்கும்."

எங்கள் காரும் வாசலில்தான் நிற்கிறது, ஆனால் அதை எப்போதும் அவள்தான் ஓட்டுவாள். வீட்டுக்கு வந்தால் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்பது என் சட்டம். லாரியில் வெளியாளை ஏற்றக்கூடாது என்பது கம்பெனி சட்டம். ஆக, நான் ஓட்ட அவள் பக்கத்தில் உட்கார்ந்தது, யோசித்துப் பார்த்தால், கல்யாணமான புதிதில்தான்.

"வண்டி பூரா கோஸ் நாத்தம்" என்றாள். பெலாசிட்சா மலையில் மேலே ஏற ஏறக் காடு மஞ்சளாகிக்கொண்டே வந்தது. முள் ஓட்டைச் செருப்பால் மிதித்துப் பிரித்துக் கஷ்கொட்டை பொறுக்கினோம். நான் ஒரு மரம் விட்டு ஒரு மரம் ஓடினேன். அவள் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து என்னைவிட நிறையச் சேர்த்துவிட்டாள். "ஓடி என்னத்தக் கண்ட?" என்று என் பையை எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

இறங்கும் வழியில் பேசிக்கொண்டே வந்தவள் பாதி வாக்கியத்தில் தூங்கிவிட்டாள். தலை கண்ணாடியில் சாய்ந்திருக்கிறது. வளைவுகளில் மெதுவாக, மிக மெதுவாக ஓட்டினேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும்.

வீட்டு வாசலில் நிறுத்தி அரை மணிக்கு மேல் ஆகிறது; ஸ்டியரிங் மேல் நோட்டை வைத்து எழுதுகிறேன். எஞ்சினை அணைத்தால் சத்தம் நின்று விழித்துவிடுவாளோ என்று அணைக்கவில்லை. தோனே மதிலுக்கு அந்தப்பக்கம் நின்று, பெட்ரோல், பெட்ரோல் என்று கையை ஆட்டினான். உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

இப்போது மழை பிடித்திருக்கிறது. போர்வைகள் கொடியில் இருக்கின்றன.

நனையட்டும்.