முனீராவோட கார்டும் என் டிக்கெட்டும்

ஜைனபுக்கு ஸலாம். உன் முட்டிவலி தேவலையா? நான் சுகம், சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுக் கடைச் சோறு என்னை நல்லாவே உப்ப வச்சிருக்கு.

பெருநாளைக்கு ஊர் வரலாம்னு, காலேஜ் படிக்கிற நம்ம முனீராவோட கிரெடிட் கார்டுல டிக்கெட் போடச் சொன்னேன். "வாப்பா, பில் வந்ததும் முழுசாக் கட்டிடுவீங்களா? கொஞ்சம் கொஞ்சமாக் கட்டினா வட்டி குட்டி போடும்"னு கேட்டா. முடியாதுன்னு உண்மையைச் சொன்னேன். "அப்ப போடமாட்டேன்"னுட்டா. அப்படியே உன்னை உரிச்சு வச்சிருக்கா!

அதனால இந்தத் தடவை வரலை. கால்தான் ஒரு இடத்துல நிக்கமாட்டேங்குது; லீவுன்னா சும்மா பஸ் ஏறி இந்தத் தீவோட வடகோடி மார்சிலிங் வரை போய்த் திரும்புறேன். யாராவது இங்க வந்தா ஒரு கைலி கொடுத்தனுப்பு, நீ துவைச்சதா இருக்கட்டும்.

போனை வைக்கும்போது "கோவமா வாப்பா?"ன்னு கேட்டா புள்ள. அவ செஞ்சது சரிதான், திட்டிடாதே. பெருநாளன்னைக்கு என் பங்கு வட்டலப்பத்தையும் அவளுக்கே வை. முதலாளி கூப்பிடுறாரு.

அஹ்சன்