எழுந்து நிற்கும் பொம்மை என்று நான் சொன்னது

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இது யாருடைய கையெழுத்து என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். அண்ணனுடையது இல்லை, அண்ணியுடையதும் இல்லை, நானே என் கையால் எழுதுகிறேன். வரிகள் ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் சரிந்தும் போகும், சில எழுத்து பூசணிக்காய் அளவும் சில எழுத்து எறும்பு அளவும் இருக்கும், அழித்து அழித்து அங்கங்கே காகிதம் ஓட்டையாகியும் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. இங்கே நானும் அண்ணனும் அண்ணியும் உடம்புக்குப் பெரிய குறை இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? இத்தனை வருடம் வழக்கத்துக்குக் கேட்டேன், இன்றைக்கு உண்மையாகவே கேட்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், ஆனால் என்னால் வேகமாக எழுத முடியாது, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வர வேண்டும். இதுவரை எழுதியதற்கே ஒரு காலைப்பொழுது ஆகிவிட்டது.

நூலகத்தின் மாடியில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறார்கள் என்று அண்ணிதான் விசாரித்து வந்து சொன்னாள். போய் ஒன்பது மாதம் ஆகிறது. டீச்சரம்மா முன்பு டெலிபோன் ஆபீசில் இருந்தவர், அதனால் யார் எவ்வளவு உளறினாலும் பொறுமையாகக் கேட்பார். எழுபத்து மூன்று வயதில் எனக்கு வந்த சந்தோஷத்தை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். பஸ் பலகையைப் படித்துவிட்டு ஏறுகிறேன் பாப்பா, நிறத்தைப் பார்த்து இல்லை. நம் தெருவுக்கு ஒரு பெயர் இருக்கிறது, அது முனையில் மின்கம்பத்தில் இத்தனை வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. குளிக்கிற சோப்பு உறையில் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்று போட்டிருக்கிறது, இத்தனை காலமும் அது முதலில் கண்ணில்தான் பட்டது. எதைப் பார்த்தாலும் சத்தமாகப் படிக்கிறேன் என்று அண்ணி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருவதை விட்டுவிட்டாள்.

மூன்று வாரத்துக்கு முன்பு டீச்சரம்மா ஒரு பத்திரிகைத் தாளைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டினார். எண்பதுகளில் பிள்ளைகள் வைத்து விளையாடிய பொம்மைகள் வரிசையாகப் படம் போட்டிருந்தன, ஒவ்வொன்றின் கீழும் இன்ன பொம்மை என்றால் இன்ன குணம் என்று இரண்டு வரி. உங்கள் வீட்டு ஆட்களில் யார் எந்தப் பொம்மை என்று எழுதுங்கள் என்றார். என் கூடப் படிக்கிற முடிதிருத்துகிறவர் தன் மனைவிக்குத் தாளம் தட்டும் குரங்கு என்று எழுதிவிட்டு, சாவி தீரும் வரை நிற்காது என்று அடியில் சேர்த்தார். ஆஸ்பத்திரியில் சமைக்கிற அம்மா அதை எட்டிப் பார்த்து, "சாவி கொடுக்கிறது யாருன்னும் எழுதுங்க மாமா" என்றார். அறையே சிரித்தது. எனக்கு அது சிரமமே இல்லை, நம் வீட்டில் இது என்றைக்கோ பிரித்து வைத்ததுதானே. அண்ணன் சாவி கார், முடுக்கிவிட்டால் நேராகப் போவான், சுவரில் முட்டினாலும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், திரும்பத் தெரியாது. உன் அம்மா தண்ணீர்ப் பெட்டி விளையாட்டு, பொத்தானை அமுக்கினால் உள்ளே வளையங்கள் எல்லாம் மிதந்து கலைந்து, பிறகு ஒவ்வொன்றாக மெல்ல வந்து குச்சியில் உட்காருமே, அது. நீ என் எழுந்து நிற்கும் பொம்மை. எத்தனை தரம் தள்ளினாலும் எழுந்துவிடும் என் மகள் என்று எழுதினேன், ஒரு பிழை இல்லை. டீச்சரம்மா பாராட்டி, "இவ்ளோ பெருமைப்படுறீங்களே பெரியவரே, அந்த மக எழுதின லெட்டர் ஏதாவது இருந்தா அடுத்த வாரம் எடுத்துட்டு வந்து எல்லாருக்கும் படிச்சுக் காட்டுங்க" என்றார்.

அண்ணன் உன் கடிதங்களை அலமாரியில் கரண்ட் பில்களோடு ஒரு பாலிதீன் பையில் வைத்திருக்கிறான், அது எனக்குத் தெரியும். அவன் வேலைக்குப் போயிருந்தபோது அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். எட்டு வருடத்துக்கு முன்பு, அம்மா படுக்கையில் இருந்தபோது வெளிநாட்டுத் தபால்தலையோடு வந்தது, தேதியை நானே படித்தேன். அது எனக்கு மனப்பாடம். அண்ணன் அன்றைக்கு அம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படித்தது அப்படியே காதில் இருக்கிறது, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை அதிகம், புது மெஷின் வந்திருக்கிறது, மாப்பிள்ளை நலம், அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். தெரிந்த பாடம்தானே என்று வகுப்பில் எழுந்து நின்று கணீரென்று தொடங்கினேன். அன்புள்ள அப்பாவுக்கு என்பது வரை சரியாக இருந்தது. அதற்குப் பிறகு சலவைக்கூடம் வரவில்லை, மெஷின் வரவில்லை. குழந்தை என்று வந்தது. நான் தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்து விரலை வைத்து மறுபடி முதலிலிருந்து கூட்டினேன். மறுபடியும் குழந்தை என்றுதான் வந்தது. டீச்சரம்மா எழுந்து வந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். "நீங்க சரியாத்தான் படிக்கிறீங்க" என்றார், பிறகு மெதுவாக, "போதும், மிச்சத்தை வீட்டுல போய்ப் படிங்க" என்றார். முடிதிருத்துகிறவர் என் கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டார், வழியெல்லாம் ஒரு கிண்டல் பேசவில்லை.

வீட்டில் மொட்டை மாடியில் உட்கார்ந்து இரண்டு நாள் படித்தேன். நீ பத்து நிமிடத்தில் எழுதியிருப்பாய். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது, பெண், இரண்டு நாள் இருந்தது என்று எழுதியிருக்கிறாய். வேறு ஊருக்கு வேலைக்குப் போன மாப்பிள்ளை பிறகு வரவே இல்லை என்று எழுதியிருக்கிறாய். போனில் சொன்னால் அதைச் சத்தமாக வைத்து எல்லோரும் கேட்பீர்கள், அதனால்தான் எழுதுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கடைசியில், அம்மாவை விட்டுவிட்டு வர முடியாது என்று தெரியும், ஆனாலும் ஒரே ஒரு வாரம் வந்து என் கூட இருங்கப்பா, எனக்கு எழுந்திருக்கவே முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடைசி வரியில் நான் நிறைய நேரம் நின்றுவிட்டேன்.

அண்ணனைக் கேட்டேன். கத்தவில்லை, கடிதத்தை அவன் முன்னால் விரித்து வைத்தேன், அவ்வளவுதான். அவன் முகம் செத்துப்போயிற்று. "அம்மா அப்ப இருந்த நிலைமைல இதைப் படிச்சிருந்தா அன்னிக்கே போயிருப்பாங்கப்பா. உன்கிட்ட மட்டும் தனியா சொல்லலாம்னு இருந்தேன், நாள் தள்ளித் தள்ளி அப்புறம் சொல்லவே வாய் வரல" என்றான். பிறகு கடிதத்தை மடித்து என் பக்கம் நகர்த்தி, "அவ எழுந்துக்குவான்னு நீதானேப்பா எப்பவும் சொல்லுவ, நானும் அதையே நம்பிட்டேன்" என்றான். அவனை நீ வெறுக்காதே பாப்பா. ஒன்றைத் தொடங்கிவிட்டால் நிறுத்தத் தெரியாது அவனுக்கு, ஒரு கடிதத்தை மாற்றிப் படித்தவன் அடுத்ததையும் மாற்றிப் படிக்க வேண்டியதாகிவிட்டது. தப்பில் பெரிய பங்கு என்னுடையது. ஏனென்றால் அன்றைக்கு அவன் படித்து முடித்ததும், பதில் எழுது என்று நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. உன்னைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, எங்கே தள்ளினாலும் நீ எழுந்து நிற்கிற பொம்மை என்று சொன்னேன். பெருமையாகச் சொன்னேன். அண்ணன் அதில் ஒரு எழுத்தும் மாற்றவில்லையாம். வா என்று கேட்டவளுக்கு அதுதான் என் பதிலாக வந்து சேர்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு நீ எழுதிய கடிதம் ஒன்றே ஒன்று, அதையும் படித்துவிட்டேன். நீங்கள் சொன்னபடி எழுந்து நின்றுவிட்டேன், இனி எழுத ஒன்றும் இல்லை என்று இருக்கிறது. ஒன்றரை வரி.

இப்போது எல்லாம் ஒவ்வொன்றாகப் புரிகிறது. அம்மா போனபோது நீ வந்து நான்கு நாள் இருந்தாய், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்தாய், பாத்திரம் கழுவினாய். நான் வந்தவர்களிடம், பாருங்கள் என் பொம்மையை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீ சமையலறை வாசலில் டம்ளர் தட்டோடு நின்று என்னைப் பார்த்தாய். நான் சிரித்தேன். போனில் மாப்பிள்ளை நல்லா இருக்காரா என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன், "இருக்கார்" என்று மட்டும் சொல்வாய். எல்லாம் தெரிந்துகொண்டே பக்கத்தில் இருப்பவர்களுக்காகக் கேட்கிறேன் என்று நீ நினைத்திருப்பாய். எனக்குத் தெரியாது பாப்பா. சத்தியமாகத் தெரியாது.

அந்தப் பொம்மையைப் பற்றி உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் இருந்த பொம்மைக் கம்பெனியில் அதற்கு அடிப்பாகம் போடுவது என் வேலை, கிண்ணம் மாதிரி இருக்கும், நடுவில் இரும்புக் குண்டு வைத்து பிளாஸ்டர் ஊற்றி மேல்பாகத்தை ஒட்டுவோம். காய்ந்த பிறகு மேஜையில் வைத்து ஒவ்வொன்றையும் மூன்று தரம் தள்ளிப் பார்க்க வேண்டும், மூன்று தரமும் எழுந்தால் பெட்டிக்குப் போகும், எழாவிட்டால் ரிஜெக்ட். ரிஜெக்டை மட்டும்தான் வீட்டுக்கு எடுத்துப் போக விடுவார்கள். உனக்குக் கொண்டுவந்தது எழாத பொம்மை. தள்ளிய பக்கமே படுத்துக் கிடந்தது. நான் அதைப் பிரித்து இன்னும் இரண்டு குண்டு வைத்து மூடித் தந்தேன், நீ கைதட்டிக் குதித்தாய். அது எழுந்து நின்றது தைரியத்தால் இல்லை, உள்ளே வைத்த பாரம் அதைப் படுக்க விடவில்லை. இருபத்தாறு வருடம் அந்த வேலையைச் செய்தவன் நான். ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அடுத்த வகுப்பில் நான் எழுதியிருந்த தாளை டீச்சரம்மாவிடம் திருப்பிக் கேட்டு வாங்கி உன் பெயருக்கு நேரே இருந்ததை அடித்துவிட்டேன். அப்ப பொண்ணு எந்தப் பொம்மை என்று சமையல்காரம்மா கேட்டார். பொம்மை இல்லைங்க, பொண்ணு என்றேன். அவர் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

போனில் சொல்லிவிடலாமே என்று அண்ணன் சொன்னான், வேண்டாம் என்றேன். நீ எழுதிக் கேட்டாய், எழுதித்தான் பதில் வர வேண்டும். எட்டு வருடம் தாமதம், ஆனால் இதில் நடுவில் யாரும் இல்லை. உறையில் உன் விலாசத்தையும் நானே எழுதியிருக்கிறேன், எண்கள் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் அண்ணி பார்த்தாள். குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தாயா? கடிதத்தில் இல்லை. வைத்திருந்தால் எழுது, நான் எழுதிப் பார்க்க வேண்டும். வைக்கவில்லை என்றாலும் அதையும் எழுது.

சென்ற புதன்கிழமை பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போய் வந்தேன். குமாஸ்தா என் நரைத்த தலைமுடியைப் பார்த்ததும் கைநாட்டுக்கென்று மை டப்பாவை என் பக்கம் தள்ளினார், நான் அதை அவர் பக்கமே தள்ளிவிட்டுப் பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். வரிசையில் பின்னால் நின்றவர் இன்னும் எவ்வளவு நேரம் என்று முணுமுணுத்தார், அவசரப்பட முடியுமா. "இந்த வயசுல எங்க பெரியவரே, சுத்திப் பாக்கவா?" என்று குமாஸ்தா கேட்டார். "பொண்ணு கூப்பிட்டுச்சு, எட்டு வருசம் ஆச்சு, இப்பதான் எனக்குக் கேட்டுச்சு" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினார். இரண்டு மாதத்தில் வரும் என்றார்கள். உன் வீடு ஒரே அறை என்று எழுதியிருந்தாய், எனக்கு ஒரு பாய் போதும். வந்து உனக்கு அறிவுரை சொல்ல மாட்டேன். வேலைக்குப் போகாமல் நீ படுத்தே கிடந்தாலும் சரி, ஒரு வாரமும் படுத்தே கிட, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்திரு என்று சொல்லவே மாட்டேன்.

சலவைக்கூடத்துச் சூட்டில் நிற்கிறவள் நீ, தண்ணீர் நிறையக் குடி. உன் அம்மா இருந்து சொல்லியிருக்க வேண்டிய ஆறுதலையும் சேர்த்து என் ஆசீர்வாதம் உனக்கு. இந்த ஒரு கடிதத்துக்கு ஆறு நாள் ஆயிற்று, இருந்தாலும் அடுத்த வாரமும் இந்த மேஜையில் உனக்காக உட்காருவேன், உன்னிடமிருந்து தபால் வந்தாலும் வராவிட்டாலும். ஒன்றை மட்டும் மறக்காதே, பதிலை அண்ணன் பெயருக்கு அனுப்பாதே, என் பெயருக்கே அனுப்பு. பெரிய எழுத்தில் எழுது. வா என்றால் வா என்று எழுது. வர வேண்டாம் என்று உன் மனசு சொன்னால் தயங்காமல் அதையே எழுது, அதையும் நானே படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
அப்பா